கைராசிக்காரியின் தட்டு

அந்த அறைக்குள் பவுடர் பூசிக்கொண்டு போகக் கூடாது. கையில் மோதிரம் கூடாது, கம்பளி கூடாது, தும்மல் வந்தால் எழுந்து வெளியே ஓடிவிட வேண்டும். "செத்தாலும் வெளியில போய்ச் சாகணும்டீ, உள்ள செத்தா தூசி விழும்" என்று பெண்கள் தங்களுக்குள் சொல்லிச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பும் வாயைப் பொத்திக்கொண்டுதான். வால்வு செய்கிற அறை அது. ரேடியோப் பெட்டியின் பின்பக்க அட்டையைக் கழற்றினால் உள்ளே கண்ணாடிக் குமிழ்கள் கனன்றுகொண்டு நிற்குமே, அவைதான் வால்வு. எங்கிருந்தோ காற்றில் வருகிற ஈனக்குரலை வாங்கி, வீடே அதிர்கிற மாதிரி பெரிதாக்கிக் கொடுப்பது அந்தக் குமிழ்தான். அது இல்லாவிட்டால் ரேடியோ வெறும் மரப்பெட்டி.

குமிழுக்குள் இருப்பது ஒரு கூடு. நடுவில் வெள்ளைப் பூச்சுப் பூசிய, தீக்குச்சிக் கனத்தில் ஒரு குழல். அதைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய கம்பிச் சுருள். அதற்கும் வெளியே ஒரு தகட்டுச் சட்டை. இத்தனையையும் மேலும் கீழும் மைக்கா வில்லைகளில் செருகி நிமிர்த்தி நிறுத்த வேண்டும். குழல் சூடானால் அதன் பூச்சிலிருந்து மின்சாரம் கிளம்பித் தகட்டுக்குப் பாயும். சுருள் அதை நடுவில் நின்று அதட்டி அனுப்பும். கூடு ஒரு மயிரிழை சாய்ந்தாலும் போச்சு. கையுறை போட்டால் விரலுக்குக் கண் போய்விடும் என்பதால் கூடு கட்டுகிறவர்களுக்கு உறை கிடையாது. ஸ்பிரிட்டில் கழுவிய வெறும் கை, சின்ன இடுக்கி மாதிரி ஒரு சாமணம், மேசை விளக்கு, அவ்வளவுதான்.

அந்த வரிசையில் மூன்றாவது மேசையில் இருந்தவளைக் கைராசிக்காரி என்பார்கள். சொந்தப் பேர் சம்பள வரிசையில் கூப்பிடும்போது மட்டும்தான். அவள் கட்டின கூடு சாய்ந்ததாகச் சரித்திரமே இல்லை. எல்லாரும் சாமணத்தாலேயே குழலை இறக்கினால், அவள் கடைசி இறக்கத்துக்கு மட்டும் சாமணத்தை வைத்துவிட்டு, இடது கட்டைவிரல் நகத்தால் குழலை ஒரு அழுத்து அழுத்துவாள். குழல் சொன்னபடி கேட்டு உட்கார்ந்துகொள்ளும். பக்கத்து மேசைக்காரி எத்தனையோ தடவை பார்த்துப் பழகிவிட்டு, "போடீ, அது உன் நகத்துக்குத்தான் அடங்குது" என்று விட்டுவிட்டாள்.

அப்பேர்ப்பட்டவள் கூடு அடுக்கி அனுப்புகிற தட்டுதான் இப்போது சிவப்பும் சிவப்புமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது.

இன்று கட்டின கூடு கண்ணாடிக்குள் போய், காற்று உறிஞ்சப்பட்டு, இரவெல்லாம் சட்டத்தில் எரிந்து, மறுநாள் காலையில் சோதனைப் பெட்டிக்கு வரும். அங்கே முள் பார்ப்பவள் வேறு யாருமில்லை, கைராசிக்காரியின் நாத்தனார்தான். ஒரே வீடு, ஒரே அடுப்பு. ஒவ்வொரு வால்வாகச் செருகி, முள் நிமிர்ந்து நின்றால் நல்ல பெட்டியில் வைப்பாள், பாதியில் சோர்ந்து படுத்தால் தலையில் சிவப்புப் பொட்டு வைத்து ஒதுக்குவாள். நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு. அண்ணி இந்தப் பக்கம் கூடு கட்டிக்கொண்டே, அந்தப் பக்கம் நாத்தனாரின் கை சிவப்புப் புட்டிக்குப் போகிறதா என்று ஓரக்கண்ணால் பார்ப்பாள். கை போகும். திரும்பவும் போகும்.

மழை வருகிறேன் வருகிறேன் என்று ஏமாற்றிக்கொண்டிருந்த பருவம். தூசிக்குப் பயந்து ஜன்னலெல்லாம் அடைத்திருந்தார்கள். எல்லாருக்கும் முதுகு நனைந்திருந்தது.

"வேர்வைதான்" என்றாள் சூப்பர்வைசர் அம்மாள், அவள் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்று. "உப்புக் கை ஆயிடுச்சு உனக்கு. சில பேருக்கு வயசு ஏற ஏற அப்படி ஆகும்."

"எனக்குக் கை வேர்க்கலைங்கம்மா. தொட்டுப் பாருங்க."

"நான் தொட்டு என்ன ஆகப்போவுது? முள்ளு சொல்லுதே. இந்த வாரம் பாக்கறேன். அதுக்கப்புறமும் இப்படியே வந்தா நீ வைக்கோல் கொட்டகைக்குத்தான் போகணும். என்னைக் கோவிச்சுக்காதே."

வைக்கோல் கொட்டகை என்பது பின்கட்டில் வால்வுகளை அட்டையில் வைத்து வைக்கோல் திணித்துக் கட்டும் இடம். நாளெல்லாம் தூசி, நாளெல்லாம் இருமல். அங்கே போன கை திரும்பி இந்த மேசைக்கு வராது. தூசி படிந்த கையை யார் உள்ளே விடுவார்கள்?

சாயங்காலம் அண்ணியும் நாத்தனாரும் வீட்டுக்கு நடந்தார்கள். முனைக் கடையில் ரொட்டியும் முட்டையும் வாங்கினார்கள். சந்துக்குள் திரும்பியதும் கைராசிக்காரி வெடித்தாள்.

"நீதான் பொட்டு வைக்கறே. கொஞ்சம் நின்னு நிதானமாப் பாத்தா என்ன? குழல் சூடாகறதுக்குள்ள எடுத்துடறியோ என்னமோ!"

"அண்ணி, அண்ணன்மேல சத்தியமாச் சொல்றேன், உங்க வால்வுக்கு மட்டும் ரெண்டு தடவை போட்டுப் பாக்கறேன். முதல்ல எழுந்து நிக்குது. அப்புறம் மயக்கம் போட்டு விழற மாதிரி அப்படியே இறங்குது. நான் என்ன செய்யட்டும், முள்ளை விரலால தூக்கிப் பிடிக்கவா?"

"பிடியேன், உனக்கு என்ன குறைஞ்சுபோச்சு!"

சொன்னபிறகு அவளுக்கே கூசியது. நாத்தனார் ரொட்டிப் பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

வீட்டில் கம்பத்தான் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து, வலது காலை எதிரே முக்காலியில் நீட்டி வைத்திருந்தான். கைராசிக்காரியின் புருஷன். கூரை கூரையாக ஏறி ரேடியோவுக்கு ஏரியல் கம்பம் நடுகிறவன், அதனால் கம்பத்தான். ஒரு நாள் கம்பம் மேலே நின்றது, அவன் கீழே வந்துவிட்டான். முழங்கால் சில்லு நொறுங்கி, மாவுக்கட்டுப் போட்டு, அதைப் பிரித்தாகிவிட்டது. ஆனால் கால் மடங்கவில்லை. கம்பவுண்டர் ஒரு மஞ்சள் களிம்பைக் கலக்கிக் கொடுத்து, காலையும் மாலையும் சூடு பறக்கத் தேய்த்து மடக்கி நீட்ட வேண்டும், இந்த மழைக்காலம் முடிவதற்குள் மடங்காவிட்டால் அப்புறம் எப்போதும் மடங்காது என்று சொல்லி அனுப்பியிருந்தார். களிம்பில் கந்தக வாடை தூக்கலாக அடிக்கும். ஆரம்பத்தில் மூவரும் மூக்கைப் பிடித்தார்கள். இப்போது அது வீட்டு வாடையோடு வாடையாகிவிட்டது.

கைராசிக்காரி முந்தானையைச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தாள்.

"மெதுவா! மெதுவாடீ! காலா, கட்டையா அது?"

"கட்டை மாதிரிதான் வச்சிருக்கீங்க. கொஞ்சம் தளர விடுங்க."

"தளர விட்டா வலிக்குது."

"வலிச்சாத்தான் மடங்கும்னு சொன்னாரே."

"சொல்றவருக்கென்ன, அவர் காலா?"

இது தினமும் நடக்கும் கச்சேரி. நாத்தனார் முட்டையை அடித்துக்கொண்டே முதுகைக் காட்டி நிற்பாள். அவளுக்கு அண்ணன் கத்துவதும் பொறுக்காது, அண்ணி வாடுவதும் பொறுக்காது.

மறுநாள் காலையில் கச்சேரி முற்றிவிட்டது. அவள் களிம்பு டப்பாவைத் திறக்கப் போகும்போதே கம்பத்தான் மூக்குக்கு மேல் கோபத்தோடு இருந்தான். ராத்திரி முழுக்க வலி.

"நேத்து நீ திருகின திருகுல உயிர் போயிடுச்சு. உனக்குக் கைராசின்னு எவ பேர் வச்சா? கண்ணாடிக் குப்பிக்குத்தான் அந்த ராசியெல்லாம். கட்டினவன் காலுக்குக் கிடையாது."

குப்பிக்கும் இப்போது கிடையாது என்பது அவனுக்குத் தெரியாது. வீட்டில் சொல்லவில்லை. தெரியாமல் சொன்னான் என்றாலும் சரியான இடத்தில் போய்க் குத்தியது. அவள் டப்பாவை டமாலென்று அலமாரியில் வைத்தாள்.

"அப்ப ராசியானவளா ஒருத்தியைக் கூட்டிக்கிட்டு வந்து தேய்ச்சுக்கோங்க!"

கையைக்கூட நனைக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். நாத்தனார் பாதி டீயை வைத்துவிட்டுப் பின்னால் ஓட வேண்டியதாயிற்று. சாயங்காலமும் அவள் டப்பா பக்கம் போகவில்லை. சாப்பாட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அடுத்த நாள் காலையில் நடந்ததுதான் விசித்திரம். நாத்தனாரின் கை சிவப்புப் புட்டிக்கே போகவில்லை. வால்வு மாற்றி வால்வு, முள் சிப்பாய் மாதிரி நிமிர்ந்து நின்றது. முழுத்தட்டும் நல்ல பெட்டிக்குப் போனது. நாத்தனார் கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலிருந்து இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள், "ஒண்ணுகூட இல்லை" என்று. கைராசிக்காரிக்கு அழுகை வந்துவிட்டது. அழவும் முடியாது, கண்ணீர் மேசையில் விழும். வெளியே ஓடிப்போய் அழுதுவிட்டு வந்தாள்.

டீ நேரத்தில் விஷயம் பக்கத்து மேசைக்காரி வரைக்கும் போயாகிவிட்டது.

"என்னடீ பண்ணினே நேத்து? எங்களுக்கும் சொல்லு."

"ஒண்ணும் பண்ணலை. வீட்ல சண்டை போட்டுட்டு வந்தேன்."

"அதான் சங்கதி! கோவத்துல கை வறண்டு கிடந்திருக்கு. இனிமே தினம் காலையில புருஷனோட ஒரு சண்டை, அப்புறம் வேலை. உனக்கு முடியலைன்னா சொல்லு, என் வீட்டுக்காரனை அனுப்பறேன். அவன் மூஞ்சியைப் பாத்தாலே சண்டை வரும்."

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கைராசிக்காரியும் சிரித்தாள். ஆனால் முழுகுகிறவளுக்குக் கையில் கிடைத்ததுதானே பிடி. வீட்டுக்குப் போகும்போது, "நாளைக்கும் ஒரு சண்டை போட்டுப் பாக்கட்டுமா?" என்று நாத்தனாரிடம் நிஜமாகவே கேட்டாள்.

"போடுங்க அண்ணி. அண்ணன் வாங்கிக்கட்டும்."

அன்று சாயங்காலமே தொடங்கிவிடலாம் என்று போனால், அவன் நொண்டி நொண்டி, சுவரைப் பிடித்து அடுப்படி வரை போய் மூவருக்கும் டீ போட்டு வைத்திருந்தான். ஒரு நாள் தேய்க்காததில் கால் வீங்கிப் பளபளவென்று இருந்தது.

"டீயில ஏன் இவ்வளவு சக்கரை?" என்று ஆரம்பித்தாள்.

"அதிகமாயிடுச்சா? நாளைக்குக் குறைச்சுப் போடறேன்."

"வீட்டைப் பெருக்காம வச்சிருக்கீங்க."

"ஆமா, பெருக்கியிருக்கலாம்."

"நேத்து பேசின பேச்சுக்கு..."

"தப்புதான். வலியில என்னத்தையோ உளறிட்டேன். உன் கையைக் குறை சொன்ன வாய் வெந்துபோகணும்."

எங்கே தொட்டாலும் வழுக்குகிறவனோடு என்ன சண்டை போடுவது? நாத்தனார் டம்ளருக்குள் சிரித்தாள். கைராசிக்காரி வீங்கின காலைப் பார்த்தாள். அவளுக்கு மனசு கேட்கவில்லை. டப்பாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, முந்தின நாளுக்கும் சேர்த்துத் தேய்த்தாள். காலையிலும் தேய்த்தாள். சோப்புப் போட்டு, சாம்பல் போட்டு, தோல் எரியக் கையைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

அன்று கட்டினதற்கு மறுநாள் முள் படுத்துவிட்டது. தட்டு முழுக்கப் பொட்டு.

சூப்பர்வைசர் அம்மாள் திட்டவில்லை. "நாளைக்கு ஒரு நாள் இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அதற்குத் திட்டியிருக்கலாம். அன்று கைராசிக்காரி ஒவ்வொரு கூட்டையும் பிரித்து இரண்டு தடவை கட்டினாள். மேசையில் இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து போய் ஸ்பிரிட்டில் கை கழுவினாள், வந்து உட்கார்ந்தாள், மறுபடி எழுந்து கழுவினாள்.

வேலை முடிந்து உடை மாற்றுகிற அறையில், காலையில் கழற்றி வைத்த வெள்ளி மோதிரத்தை எடுத்து விரலில் மாட்டிக்கொண்டாள். கல்யாண மோதிரம். நாத்தனார் அதைப் பார்த்துவிட்டு, "ஐயய்யே, இதென்ன அண்ணி, அடுப்புக்குள்ள விழுந்து எடுத்த மாதிரி இருக்கு?" என்றாள்.

"அதை ஏன் கேக்கறே. அந்தக் களிம்பு பட்டாலே இப்படித்தான். லீவு நாள்ல சாம்பல் வச்சுத் தேய்ச்சு வெளுத்து வச்சா, திரும்பவும் கறுத்துடுது."

"என்னதான் கலந்திருக்காரோ, வெள்ளியையே கறுக்க வைக்குதே."

சொல்லிவிட்டு நாத்தனார் நின்றாள். கைராசிக்காரியும் நின்றாள். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். கைராசிக்காரி இடது கட்டைவிரலை மூக்குக்குக் கொண்டுபோனாள். ஸ்பிரிட் வாடைதான் அடித்தது. நகத்தைப் பல்லில் வைத்து நெம்பி, நகக்கண்ணை முகர்ந்தாள். அங்கே இருந்தது, வீட்டு வாடை.

"அண்ணி, சண்டை போட்ட அன்னிக்கு நீங்க தேய்க்கலை!"

"தேய்க்கலை. தொடவேயில்லை. முந்தின ராத்திரி பட்டது பாத்திரம் தேய்ச்சதுலயே போயிருக்கும்."

மாவுக்கட்டுப் பிரித்துக் களிம்பு தேய்க்கத் தொடங்கியதும் புழுக்கம் ஏறியதும் ஒன்றாக வந்து தொலைத்ததால் பழியெல்லாம் வேர்வை மேல் போயிருந்தது. இரண்டு பேரும் அப்படியே சூப்பர்வைசர் அம்மாளிடம் ஓடினார்கள். அவள் மோதிரத்தை வாங்கிக்கொண்டு இன்ஜினியரிடம் போனாள். அவர் அதை விளக்கில் ஒரு பார்வை பார்த்தார். கந்தகம் ஒரு பொட்டுப் பட்டால் போதும், குழலின் பூச்சு செத்துவிடும், அதற்கு அதைவிடப் பெரிய விஷம் இல்லை என்றாராம். ரப்பர் உறை மாட்டிக்கொண்டு தேய்த்தால் என்று கேட்டதற்கு, ரப்பரிலும் கந்தகம்தான், அதனால்தான் இந்த அறையில் ஒரு ரப்பர் வளையம்கூட விடுவதில்லை என்றாராம்.

"களிம்பு தொடற கை இந்த மேசைக்கு வராது" என்றாள் சூப்பர்வைசர் அம்மாள். "லீவு நாள்லகூடத் தொடக் கூடாது, நகக்கண்ணுல தங்கினாலும் தங்கிடும். இன்னிக்குக் கட்டினதைக் கழிச்சுடறேன். புதுசா ஒரு தட்டுத் தரேன். ஆனா முடிவு நீதான் பண்ணணும்."

முடிவு! வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தச் சொல்லைத்தான் அவள் மென்றுகொண்டு வந்தாள்.

கம்பத்தான் முழுக்கக் கேட்டான். முதல் தடவையாக, தட்டு சிவந்த கதையையும் வைக்கோல் கொட்டகையையும் கேட்டான். கேட்டுவிட்டு ஜன்னல் வழியே எதிர்வீட்டுக் கூரையைப் பார்த்தான். அவன் நட்ட கம்பம் அங்கே நின்றது.

"அப்ப என் காலு?"

"நான் தேய்க்கறேண்ணே" என்றாள் நாத்தனார். "நான் கூட்டைத் தொடறதில்லை. வால்வோட கண்ணாடியைத்தான் தொடறேன்."

"போடீ அந்தாண்ட. தங்கச்சி கையில காலைக் கொடுத்து உக்காரணுமா நான்? வேண்டாம். யாரும் தேய்க்க வேண்டாம். மடங்கலைன்னா நீட்டிக்கிட்டே இருந்துட்டுப் போகுது."

"நான் வேணும்னா கொட்டகைக்கே போயிடறேங்க."

"போய்? இருமிக்கிட்டு வந்து என் காலைத் தேய்க்கப் போறியா?" என்று கத்தினான்.

அன்றிலிருந்து அவள் அவனைத் தொடவில்லை. நகத்தை ரத்தம் வரும் அளவுக்கு ஒட்ட வெட்டினாள். களிம்பு ஏறின அவன் துணியை நாத்தனார் துவைத்தாள். கைராசிக்காரியின் படுக்கை சுவரோரம் போயிற்று. சாப்பாட்டுத் தட்டை எட்டி நின்று நீட்டுவாள், அவன் எட்டி வாங்கிக்கொள்வான். சீக்குக்காரனுக்குப் போடுகிற மாதிரி இருந்தது. தொழிற்சாலையில் முள் நிமிர்ந்து நின்றது. பழைய பேர் திரும்பி வந்தது. மற்றவர்கள் சாய்த்த கூடுகளைக்கூட அவளிடம் கொண்டுவந்து கொடுத்தார்கள். எதுவும் அவளுக்கு இனிக்கவில்லை. புதிதாக முளைத்த நகத்தால் குழலை அழுத்தும்போதெல்லாம் அவன் முழங்கால்தான் ஞாபகத்துக்கு வந்தது. வெளியே மழை இறங்கி, ஓய்ந்து, மறுபடி இறங்கியது. மழைக்காலம் தன்பாட்டுக்குக் கரைந்துகொண்டிருந்தது. களிம்பு டப்பா அலமாரியில் வைத்தது வைத்தபடி இருந்தது. அவள் அதைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டே போவாள்.

ஒரு மத்தியானம் அவள் கையிலிருந்து சாமணம் நழுவி விழுந்தது. அவளுக்கு அப்படி நடந்ததே கிடையாது. எழுந்து நேராகச் சூப்பர்வைசர் அம்மாளிடம் போனாள்.

"நான் கொட்டகைக்குப் போறேங்கம்மா."

"என்னடீ பேச்சு இது? இப்பதானே தட்டு நேராச்சு?"

"கால் கட்டையாப் போயிடும்மா. அதுக்கப்புறம் நான் ஆயிரம் கூடு கட்டினாலும் அதை மடக்க முடியுமா? நாளையிலிருந்து போறேன்."

"வீட்டுக்குப் போய்ட்டு வந்து காலையில சொல்லு. இப்ப நான் எதுவும் கேக்கலை" என்று அந்த அம்மாள் அவளை முன்னதாகவே அனுப்பி வைத்தாள்.

மழை தூறிக்கொண்டிருந்தது. அவள் கிட்டத்தட்ட ஓடினாள். போனதும் முதல் வேலையாக டப்பாவைத் திறந்து கையைத் தோய்த்துவிட வேண்டும், தோய்த்துவிட்டால் அப்புறம் யார் தடுத்தாலும் ஆகாது என்று நினைத்துக்கொண்டே கதவைத் தள்ளினாள். அலமாரியில் டப்பா இல்லை.

கம்பத்தான் தரையில் உட்கார்ந்திருந்தான். மேல்சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. முழங்கை வரைக்கும் மஞ்சள். பக்கத்தில் டப்பா, அடி தெரியத் தீர்ந்துபோய்க் கிடந்தது. வலது காலைக் குந்த வைத்து, இரண்டு கையாலும் கட்டிப் பிடித்து, முழங்காலைத் தாடை வரைக்கும் இழுத்து வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்து அழுதுகொண்டிருந்தான். விழுந்த நாளிலிருந்து மடங்காத கால். அவளுக்கு ஒரு நிமிஷம் அது யார் கால் என்றே புரியவில்லை.

"உள்ள வராதே! கிட்ட வராதே!" என்று அவன் அலறினான். "கை பட்டுடும். நீ ஏன் இந்நேரத்துல வந்தே?"

"எப்பலேர்ந்து நடக்குது இது?"

"அன்னிலேர்ந்தே. தினம் நீங்க ரெண்டு பேரும் கிளம்பினதும். முதல்ல எட்டவேயில்லை. எட்டி எட்டிப் பாத்து, குனிஞ்சு குனிஞ்சு பாத்து, காலை இழுத்தாத்தான் கை எட்டும்னு ஆச்சு. இழுத்துட்டேன்."

"ஏன் சொல்லலை?"

"மடங்காமப் போயிட்டா? கேலிக்காகவா சொல்றது?"

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கூடவே கோபமும் வந்தது, பொறாமையும் வந்தது. அத்தனை நாள் தரையில் உட்கார்ந்து கை ஓயத் தேய்த்தவள் அவள்.

"நான் தேய்ச்சப்போ ஒரு நாளாவது இப்படி மடக்கினீங்களா? ஒரே ஒரு நாள்?"

அவன் முழங்காலை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தான்.

"நீ தேய்ச்சா, வலிக்கும்போது உன்னைத் திட்டலாம். திட்டிட்டுக் காலை நீட்டிக்கலாம். தனியா உக்காந்துக்கிட்டு யாரைத் திட்டறது?"

அவன் சுவரில் முதுகை அழுத்தி, மடங்கின காலையும் மடங்கின மாதிரியே ஊன்றி எழ முயன்றான். பாதியில் தடுமாறினான். அவள் கைகள் தன்னாலே முன்னால் போயின. "வேண்டாம்!" என்று அவன் அதட்டினான். அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே நின்றாள். முழங்கால் சடக்கென்று ஒரு சத்தம் போட்டது. அவன் எழுந்து நின்றுவிட்டான். இரண்டு காலிலும்.

முகமெல்லாம் பல்லாக அவளைப் பார்த்துச் சிரித்தான். சிரித்துக்கொண்டே மஞ்சள் அப்பின இரண்டு கையையும் சட்டையில் துடைக்கப் போனான்.

"ஐயோ, சட்டையில துடைக்காதீங்க!" என்று அவள் வீடே அதிரக் கத்தினாள். "அதை நாளைக்கு இந்தக் கூடு கட்டற கையாலதான் நான் தொடணும்!"